ஓர் அறைக்கு ஒரு முட்டை

பெட்டியைத் திறப்பதற்கு முன் மாஸாப் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "காலில் என்ன கொண்டு வருகின்றன?"

எலுமிச்சை மரத்தடியில் நின்ற மனைவி குனிந்து பெட்டியின் வாசலைப் பார்த்தார். காலைப் பனி விலகி மலைச்சரிவில் வெயில் இறங்கியிருந்தது. வெளியே போன தேனீக்கள் ஒவ்வொன்றாக வாசல் பலகையில் வந்து விழுந்து, ஒரு நொடி தடுமாறி, உள்ளே நுழைந்தன.

"மஞ்சள். பத்துக்கு நாலு மஞ்சள் உருண்டையோடு வருகிறது."

"அப்படியானால் உள்ளே குழந்தைகள் இருக்கின்றன. திற."

பின்னங்கால்களில் ஒட்டிக்கொண்டு வரும் அந்த மஞ்சள் உருண்டை மகரந்தம். புழுக்களை வளர்க்க வேண்டிய கூட்டுக்குத்தான் அது மிகுதியாகத் தேவை. வாசலில் மகரந்தம் வந்து இறங்கினால் உள்ளே இராணி முட்டையிடுகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். பெரும்பாலும்தான். முழுதாக நம்ப வேண்டுமானால் பெட்டியைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். மாஸாப்பால் இப்போது அது முடியாது. அதனால்தான் 2024 மார்ச் நடுவில், அந்தப் பருவத்தின் முதல் சோதனைக்கு, புகைப்பானை எடுத்துக்கொண்டு மனைவி நின்றார். கணவர் நான்கடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்து, முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டு, காதால் பார்த்துக்கொண்டிருந்தார்.

உத்தராகண்டில் காட்கோடாமிலிருந்து நைனிடாலுக்கு ஏறும் சாலையில், ஏறக்குறையப் பாதி வழியில் ஜியோலிகோட் இருக்கிறது. அங்கிருந்து கிளை பிரிந்து கீழே இறங்கும் பாதையில், கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய வீடு இவர்களுடையது. வட இந்தியக் கிராமங்களில் 'மாஸ்டர் சாஹிப்' என்ற மரியாதை பேச்சில் தேய்ந்து 'மாஸாப்' ஆகிவிட்டது. முப்பது ஆண்டுக்கு மேல் ஆரம்பப் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவருக்கு ஊரில் வேறு பெயர் கிடையாது. பிள்ளைகள் இருவரும் தில்லியில். வீட்டில் மிச்சம் இருப்பது இவர்கள் இரண்டு பேர், ஒரு பசு, கொல்லையில் தேனீப் பெட்டிகள்.

அந்தப் பெட்டிகளின் எண்ணிக்கைதான் கதை. 2023 தொடக்கத்தில் மூன்று இருந்தன. அந்த வசந்தத்தில் மூன்றை ஐந்தாக்கப் போய், கடைசியில் இரண்டில் வந்து நின்றது.

குமாவுன் மலைகளில் தேனீ வளர்ப்பு புதிதல்ல. வீடு கட்டும்போதே சுவரின் கனத்துக்குள் ஒரு மாடம் விட்டு, வெளிப்புறம் விரல் நுழையும் அளவில் ஓட்டை வைப்பார்கள். உட்புறம் பலகை வைத்துச் சாணியும் மண்ணும் பூசி மூடிவிடுவார்கள். காட்டிலிருந்து பறந்து வரும் கூட்டம் தானாக அதில் குடியேறும். தேன் வேண்டும்போது வீட்டுக்குள்ளிருந்து பலகையை எடுத்து, புகை போட்டு, அடையை அறுப்பார்கள். மாஸாப்பின் வீட்டிலும் அப்படி இரண்டு மாடங்கள் உண்டு. அவருடைய தாத்தா காலத்தில் தேன் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் சுவருக்குள் இருக்கும் கூட்டில் அடைகள் சுவரோடு ஒட்டியிருக்கும். அறுக்கலாம்; எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்க முடியாது.

எடுத்துப் பார்ப்பதற்கு வழி செய்தது சட்டம் வைத்த பெட்டி. அடைக்கும் அடைக்கும் நடுவில் தேனீ நடமாடுவதற்குத் தேவையான இடைவெளியை மட்டும் விட்டால், தேனீக்கள் அதை மெழுகால் அடைக்காது. சட்டத்தைத் தனியாக உருவி எடுக்கலாம். அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் 1851-இல் கண்டுகொண்ட இந்த உண்மையில்தான் இன்றைய தேனீ வளர்ப்பு முழுவதும் நிற்கிறது. இந்தியத் தேனீ உருவத்தில் சிறியது என்பதால் அதற்கேற்பச் சிறிய பெட்டியை 1910-களில் திருச்சியில் வடிவமைத்தவர் நியூட்டன் என்ற ஏசு சபைத் துறவி. தெற்கே இன்றும் அது நியூட்டன் பெட்டிதான். மலைத்தேசத்து இந்தியத் தேனீ சமவெளித் தேனீயைவிடக் கொஞ்சம் பெரிது, கூட்டமும் பெரிது. அதற்கு இன்னும் பெரிய பெட்டி வேண்டும். அந்தப் பெட்டி ஜியோலிகோட் பெயரையே தாங்கியிருக்கிறது. 1938-இல் அங்கே அரசுத் தேனீ வளர்ப்பு நிலையம் தொடங்கியது. அதை வளர்த்தவர் ஆர்.என். முட்டூ. மாஸாப்பின் தந்தை முதல் பெட்டியை வாங்கி வந்ததும் அந்த நிலையத்திலிருந்துதான்.

1980-களில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வடக்கு மலைகளில் பரவியபோது அந்தக் கூட்டங்கள் அழிந்தன. புழு, கூட்டுப்புழுவாக மாறுவதற்கு முன் நீர் நிரம்பிய பை போல் ஆகிச் செத்துப்போகும். தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். இதே நோய்தான் 1991-92-இல் தெற்கே இறங்கி, மார்த்தாண்டம் வட்டாரத்தின் தேனீக் குடும்பங்களைத் துடைத்துப் போட்டது. அந்த அடிக்குப் பிறகு பலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். 1960-களில் இமாசலத்தின் நக்ரோட்டாவில் வேரூன்றிய அந்த இனம் தேன் அதிகம் தரும். எளிதில் கூட்டை விட்டு ஓடாது. மாஸாப் மாறவில்லை. நோய்க்குத் தப்பிய உள்ளூர்க் கூட்டம் ஒன்று ஒருநாள் வீட்டுச் சுவர் மாடத்தில் வந்து குடியேறியது. அதை எடுத்துப் பெட்டியில் வைத்தார். 2023-இல் இருந்த மூன்றும் அதன் வழி வந்தவை என்பது அவர் கணக்கு.

அந்த ஆண்டு மார்ச்சில் அவர் இரண்டு பெட்டிகளைப் பிரித்தார். பிரிப்பது கேட்பதற்கு எளிது. ஒரு கூட்டத்தின் அடைகளில் பாதியை, தேனீக்களோடு புதுப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். பழைய இராணி ஒரு பாதியில் இருக்கும். இராணி இல்லாத மறு பாதி, தனக்கு ஒரு புது இராணியை வளர்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கு அந்தப் பாதியில் முட்டையோ, பொரித்து மூன்று நாளுக்கு மேற்படாத இளம் புழுவோ இருந்தாக வேண்டும். மெழுகு மூடிய கூட்டுப்புழுவை வைத்துக்கொண்டு எந்தத் தேனீயாலும் இராணி செய்ய முடியாது. மாஸாப் மாற்றிய அடைகளில் இருந்ததெல்லாம் மூடிய அறைகள். அவர் அதைப் பார்க்கவில்லை.

ஏப்ரலில் ஒரு பகலில், பிரித்த பெட்டி ஒன்றை அவர் திறந்து வைத்திருந்தபோது மனைவி தேநீர் கொண்டு வந்தார். அவருக்குத் தேனீ வேலையில் அதுவரை பங்கு இல்லை. தேன் பிழிவதும் பாட்டிலில் அடைப்பதும்தான் அவர் வேலை. கணவர் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்த சட்டத்தை எட்டிப் பார்த்தவர் சும்மா கேட்டார்: "ஓர் அறைக்குள் இரண்டு, மூன்று முட்டை இருக்குமா?"

மாஸாப் பதில் சொல்லவில்லை. சட்டத்தைத் திரும்ப வைத்து மூடிவிட்டார்.

இராணி ஓர் அறையில் ஒரு முட்டைதான் இடும். அறையின் அடியில், நடுவாக, ஒட்டவைத்த வெள்ளை நூல் துணுக்கு போல் நிற்கும். இராணி இல்லாமல் போன கூட்டத்தில், சில வாரங்களில் பணித் தேனீக்களே முட்டையிடத் தொடங்கும். அவை கண்டபடி இடும்: ஓர் அறையில் இரண்டு, மூன்று, அடியில் இல்லாமல் சுவரில். கருவுறாத முட்டைகள் என்பதால் அவற்றிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே பிறக்கும். உழைக்க ஆளில்லாமல் கூட்டம் கரைந்துபோகும். நாற்பது வருடம் தேனீ வளர்த்தவருக்கு இது பாலபாடம். தெரியாதது அல்ல. தெரியவில்லை.

அன்று இரவுதான் சொன்னார். நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறை. ஓரத்தில் எல்லாம் தெளிவு. மலை தெரிகிறது, பாதை தெரிகிறது, எதிரே வருபவரின் நடையைக் கொண்டு யார் என்று சொல்லிவிடலாம். முகம் தெரிவதில்லை. முட்டை தெரிவதில்லை. சட்டத்தில் கட்டிய கம்பிகள் வளைந்திருக்கின்றன என்று ஒரு வருடமாக அவர் குறை சொல்லிக்கொண்டிருந்தது மனைவிக்கு நினைவு வந்தது. ஹல்த்வானியில் கண் மருத்துவர் கட்டம் போட்ட தாள் ஒன்றைக் காட்டியபோது, அந்தக் கோடுகளும் வளைந்தன. விழித்திரையின் மையப் பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது என்றார் மருத்துவர். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

"முன்பே ஏன் சொல்லவில்லை?"

"சொன்னால் பெட்டியைத் தொடவிட மாட்டாய்."

அந்த வருடம் பிரித்த பாதிகள் இரண்டும் அழிந்தன. ஆள் குறைந்து தளர்ந்த தாய்ப்பெட்டிகளில் ஒன்று, மழை முடிந்தபோது மெழுகுப் பூச்சிக்கு இரையாகி, மிஞ்சிய தேனீக்கள் கூட்டைக் கைவிட்டுப் பறந்தன. இழப்பு அவர்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கீழே பள்ளத்தாக்கில், ஜீப்பில் முக்கால் மணி நேரத் தொலைவில், மாஸாப்பிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுடைய தோட்டத்தில் பீச், பிளம் மரங்கள். பெட்டியோடு ஒரு கூட்டம் வேண்டும் என்று அவள் 2023 வசந்தத்திலேயே முன்பணம் கொடுத்திருந்தாள். புதுப் பெட்டி செய்யத் தச்சனுக்குப் போனது அந்தப் பணம். பெட்டி வந்தது, அதில் வைக்கக் கூட்டம் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவள் வாங்கவில்லை. "அடுத்த வருடம் கொடுங்கள், மாஸாப். நான் எங்கே ஓடப் போகிறேன்?" என்றாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

எனவே 2024 மார்ச்சில் அந்த இரண்டு பெட்டிகளுக்கு முன் நின்றபோது மனைவியின் கையில் புகைப்பான் மட்டும் இல்லை. கணவரின் வாக்கும் இருந்தது.

சைத்ர மாதம் பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மாதப் பிறப்பன்று குமாவுனில் ஃபூல்தேயி. குழந்தைகள் காலையில் கூடை நிறையப் பூப்பறித்து வந்து வீட்டுக்கு வீடு வாசற்படியில் வைப்பார்கள். வீட்டார் அரிசியும் வெல்லமும் தருவார்கள். இவர்கள் வாசலில் பீச் பூவும், நீலகிரியில் காட்டுப் பூவரசு என்று சொல்லப்படும் செம்பூவின் இமயமலை உறவான புரான்ஷும் இன்னும் வாடிக் கிடந்தன. பூ வந்துவிட்டது என்றால் தேனீக்குப் பஞ்சம் தீர்ந்தது என்று பொருள். தேனீ வளர்ப்பவருக்கு ஆபத்தான காலமும் அதுதான். குளிர்காலச் சேமிப்பு தீர்ந்திருக்கும். புழு வளர்ப்பு ஏறிக்கொண்டிருக்கும். இடையில் நான்கு நாள் மழையோ ஆலங்கட்டியோ வந்து வாசல் அடைபட்டால் கூட்டம் பட்டினியில் விழும்.

மனைவி பழைய கோணியைச் சுருட்டிப் புகைப்பானில் வைத்துப் பற்றவைத்திருந்தார். வாசலில் இரண்டு மூச்சுப் புகை. மேல்மூடியைத் தூக்கினார்.

"சத்தம் என்ன சொல்கிறது?" என்று கேட்டார்.

கணவர் தலையைச் சாய்த்தார். "ஒரே சுருதி. இராணி இருக்கிறது." இராணியை இழந்த கூட்டம் புகை பட்டதும் அழுவது போல் நீளமாக இரையும், அடங்க நேரமாகும். அந்த வித்தியாசம் அவர் காதில் இன்னும் இருந்தது. ஆனால் கடந்த ஆண்டு அவர் காதை நம்பித்தான் கண்ணை மறைத்தார் என்பது இருவருக்கும் தெரியும். "சத்தத்தை விடு. நீ பார்த்துச் சொல்."

பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஓரத்துச் சட்டம். அங்கே பெரும்பாலும் தேன்தான் இருக்கும், இராணி இருக்காது. அதை எடுத்துச் சாய்த்து வைத்துவிட்டால், மற்றச் சட்டங்களை நசுக்காமல் நகர்த்த இடம் கிடைக்கும். சட்டத்தைப் பெட்டிக்கு மேலேயே பிடித்துப் பார்க்க வேண்டும். தற்செயலாக இராணி தவறி விழுந்தாலும் பெட்டிக்குள் விழும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அறையின் அடிவரை வெளிச்சம் இறங்கும். ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்தில் பழுத்த வாழைப்பழ வாசனை வரும். மற்றத் தேனீக்களுக்கு அது 'இங்கே கொட்டு' என்ற அழைப்பு. உடனே அங்கே புகை விட வேண்டும். இதையெல்லாம் குளிர்காலம் முழுவதும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் வாய்ப்பாடு போல் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

மூன்றாவது சட்டத்தில் மனைவி நின்றார்.

"முட்டை."

"எங்கே?"

"நடுவில். அறையின் அடியில்."

"ஓர் அறைக்கு எத்தனை?"

"ஒன்று."

"நிற்கிறதா, படுத்திருக்கிறதா?"

"சிலது நிற்கிறது. சிலது சாய்ந்திருக்கிறது."

முட்டை மூன்று நாளில் பொரியும். இட்ட அன்று செங்குத்தாக நின்று, மெல்லச் சாய்ந்து, மூன்றாம் நாள் படுக்கும். ஆகவே முட்டை இருந்தால், மூன்று நாளுக்குள் இராணி அந்த அடையில் நடந்து போயிருக்கிறது. இராணியைத் தேடிக் கூட்டைக் கலைக்க வேண்டியதில்லை.

எலுமிச்சை மரத்தடிப் பெட்டியில் ஆறு சட்டங்களைத் தேனீக்கள் இருபுறமும் மூடியிருந்தன. புழுக்கள் முத்து வெள்ளை. பை போல் உப்பியது ஒன்றும் இல்லை. மூடிய அறைகள் இடைவெளியின்றிப் பரவியிருந்தன. சுவரோரப் பெட்டி அப்படி இல்லை. அங்கே மூன்று சட்டத்தில்தான் தேனீ. மற்ற அடைகள் கறுத்து, ஓரத்தில் பூஞ்சை பிடித்திருந்தன. அடித்தட்டில் மெழுகுத் துகளும் செத்த தேனீக்களும். அதற்குள் மெழுகுப் பூச்சியின் புழு இரண்டு.

"பழைய அடையை எடுத்துவிடு. தேனீ மூடாத அடை மெழுகுப் பூச்சிக்குச் சொந்தம்," என்றார் மாஸாப். மனைவி அடித்தட்டைச் சுரண்டித் துடைத்தார். கறுத்த அடைகளை எடுத்தார். மூன்று சட்டத்தை ஒட்டித் தடுப்புப் பலகையை நகர்த்தி, வீட்டைச் சிறிதாக்கினார். சர்க்கரைக்குச் சமமாகத் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சிய பாகைச் சின்னக் கிண்ணத்தில், தேனீ மூழ்காமல் நிற்க வைக்கோல் துண்டு மிதக்கவிட்டு, உள்ளே வைத்தார். வளர்க்க வேண்டும் என்று தொடங்கிய நாளில் முதலில் செய்தது சுருக்கியதுதான்.

பிறகுதான் பேச்சு வந்தது.

"பெரிய பெட்டியில் ஆறு சட்டம். மூன்று மூன்றாகப் பிரித்துவிடலாம்," என்றார் கணவர். "இந்த முறை முட்டை உள்ள சட்டத்தை நீ பார்த்து எடு. தப்பு வராது."

"ஆண் தேனீ இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லையே."

அவர் கேட்கவில்லை. குளிர்கால வாய்ப்பாட்டில் அவரே சொல்லிக் கொடுத்த வரி அது. புது இராணி பிறந்தால் போதாது. வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு கூடித் திரும்ப வேண்டும். ஆண் தேனீ இல்லாத காலத்தில் பிறக்கும் இராணி மலடாகவே கூட்டுக்குள் இருக்கும். இந்தியத் தேனீயில் ஆண் அறைகளின் மூடியில் நடுவே ஊசி குத்தியது போல் ஒரு துளை இருக்கும். அடையாளம் காண்பது எளிது. மனைவி தேடினார். ஒன்றுகூட இல்லை.

"நாலு நாளில் வந்துவிடும். அந்தப் பெண் ஒரு வருடமாகக் காத்திருக்கிறாள்."

"இன்னும் ஒரு மாதம் காத்திருப்பாள். இறந்துபோன கூட்டத்தைக் கொண்டு போய்க் கொடுக்க முடியுமா?"

கொஞ்ச நேரம் தேனீக்களின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மாஸாப் சொன்னார்: "சரி. ஒரு சட்டம் கொடு. ஒன்று மட்டும்."

தேனீக் கூட்டைப் பெரிதாக்குவதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். புழுக்கள் வளரக் கூட்டுக்குள் ஏறத்தாழ 34, 35 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டைத் தருவது தேனீக்களின் உடல்தான். ஆறு சட்டத்தை மூடும் கூட்டத்துக்கு ஏழாவது சட்டம் வேலை. பத்து சட்டம் குளிர். எத்தனை பெட்டி வேண்டும் என்பது வளர்ப்பவரின் ஆசை. எத்தனை சட்டத்தை மூட முடியும் என்பது தேனீயின் கணக்கு. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் தேனீயின் கணக்குதான் நிற்கும். மனைவி மெழுகுத் தாள் ஒட்டிய புதுச் சட்டம் ஒன்றைப் புழு அடைகளுக்கு அடுத்து, அவற்றைப் பிரிக்காமல், ஓரத்தில் வைத்து மூடினார்.

மார்ச் கடைசியில் மழை வந்தது. ஐந்து நாள் விடவில்லை. இரண்டு பெட்டிக்கும் பாகு வைத்தார்கள். மழை விட்டபின் பார்த்தால் புதுச் சட்டத்தில் பாதி அடை கட்டியிருந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் எட்டாவது சட்டம். அதுவும் நிரம்பியதும் புழு அறைக்கு மேல் தேன் அறையை ஏற்றினார்கள். எலுமிச்சை பூத்து, கொல்லை முழுவதும் மணந்தபோது மனைவி ஒருநாள் திறந்த பெட்டியிலிருந்து நிமிர்ந்து, "துளை போட்ட மூடி" என்றார். "எத்தனை?" "எண்ண முடியவில்லை." வெளியே பருத்த, கறுத்த ஆண் தேனீக்களும் பறக்கத் தொடங்கியிருந்தன. அடுத்த வாரம் அடையின் அடி ஓரத்தில், நிலக்கடலை போல், இராணி அறைகள் தொங்கின. கூட்டம் தானாகவே பிரியத் தயாராகிவிட்டது. இனிப் பிரிக்காவிட்டால் பாதி பறந்து காட்டுக்குப் போய்விடும்.

பிரிக்கும் நாளில் இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. எந்தப் பாதியைக் கொடுப்பது? ஒரு பாதியில் முட்டையிடும் பழைய இராணி; அதை எடுத்துக்கொண்டு போனால் மறுநாளே வேலை நடக்கும். மறு பாதியில் மூடிய இராணி அறை. அது பிறந்து, பறந்து, பறவைக்கும் மழைக்கும் தப்பித் திரும்பி வந்து, முட்டையிட்டால்தான் கூட்டம். தேனீ விற்பவர்கள் பலர் நல்ல இராணியைத் தாங்கள் வைத்துக்கொண்டு மறு பாதியைத் தருவதுண்டு. வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது. தோற்றால் பராமரிப்பின் மேல் பழி போடலாம்.

"இராணியை அவளுக்குக் கொடு," என்றார் மாஸாப். மனைவியும் அதைத்தான் நினைத்திருந்தார். ஆனால் அவர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார்.

அந்தி சாய்ந்து, தேனீக்கள் எல்லாம் அடங்கியபின், வாசலைப் புல்லால் அடைத்து, பெட்டியைச் சணல் கயிற்றால் கட்டி, ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மாஸாப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெட்டியை வாங்கிக்கொண்ட பெண்ணிடம் அவர் சொன்னது இரண்டே விஷயம். "பெட்டிக் காலுக்குக் கீழே கிண்ணத்தில் தண்ணீர் வை, எறும்பு ஏறாது. திறந்து பார்க்கும்போது தெரிந்ததை மட்டும் சொல். தெரியாததைத் தெரிந்ததாக நினைத்துவிடாதே. நான் அப்படி நினைத்துத்தான் போன வருடம் உன் கூட்டத்தைக் கொன்றேன்." கூட நின்ற அவளுடைய மாமியார் சங்கடப்பட்டு, "என்ன மாஸாப், பெரிய வார்த்தை எல்லாம்," என்றார். அந்தப் பெண் மட்டும் தலையசைத்தாள். உள்ளே போய்ப் பீச் ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டு வந்து, "காகிக்கு" என்று மனைவியின் கையில் கொடுத்தாள்.

வீட்டில் மீண்டும் இரண்டு பெட்டிதான். சுவரோரப் பெட்டி மூன்று சட்டத்திலிருந்து ஐந்துக்கு வந்திருந்தது. எலுமிச்சை மரத்தடியில் இராணி இல்லாத பாதி. பார்வையால் ஒரு பயனும் இல்லாத நாட்கள் அவை. புது இராணி பறந்து பழகும் காலத்தில் பெட்டியைத் திறந்தால், கலவரத்தில் தேனீக்களே அதைக் கொன்றுவிடலாம். மூன்று வாரம் இருவரும் வாசலை மட்டும் பார்த்தார்கள். அதாவது, ஒருவர் பார்த்தார், ஒருவர் கேட்டார். "காலில் என்ன கொண்டு வருகின்றன?" "ஒன்றும் இல்லை." "இன்று?" "ஒன்று, இரண்டு." "இன்று?"

மே மாத முதல் வாரத்தில் ஒரு காலையில் மகரந்தம் வரிசையாக வந்து இறங்கியது. மனைவி புகைப்பானைப் பற்றவைத்தார். மாஸாப் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஓரத்துச் சட்டம், இரண்டாவது, மூன்றாவது. முதுகுக்குப் பின்னால் சூரியன்.

"இருக்கிறது," என்றார் மனைவி.

மாஸாப் உடனே எதுவும் கேட்கவில்லை. பிறகு மெல்லக் கேட்டார். "ஓர் அறைக்கு எத்தனை?"

மனைவி அவசரப்படவில்லை. சட்டத்தைச் சாய்த்து ஓர் அறை, அடுத்த அறை, அதற்கடுத்த அறை என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார். திருப்பி மறுபக்கமும் பார்த்தார்.

"ஒன்று," என்றார். "எல்லா அறையிலும் ஒன்றுதான்."